ஒரே சுருதியில் அண்டை நாடுகள்

(திருவனந்தபுரம் வலியசாலையில், தமிழ்த் தோழர்கள் கலந்துகொண்ட கலை இலக்கியக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



2019 ஏப்ரல் 26 அன்று மும்பையில், தேசிய நிகழ்த்துகலை மையத்தின் ஜாம்ஷெட் பாபா அரங்கில், ஒரு புதிய இசைக்குழு முதன்முறையாக மேடையேறியது. அதன் பெயர் தெற்காசிய சிம்பொனி இசைக்குழு. இந்தியா, இலங்கை, நேபாளம், ஆப்கானிஸ்தான் ஆகிய நாடுகளின் இசைக்கலைஞர்களும், உலகின் பல பகுதிகளில் வாழும் தெற்காசிய வம்சாவளியினரும் அதில் இடம்பெற்றனர். நிகழ்ச்சிக்குச் 'சிராக்' என்று பெயரிட்டிருந்தனர். விளக்கு என்பது அச்சொல்லின் பொருள். அமெரிக்காவில் வாழும் இந்திய வம்சாவளியினரான விஸ்வா சுப்பராமன் இசையை நடத்தினார்.

அது எத்தகைய காலம் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். பிப்ரவரி 14 அன்று புல்வாமாவில் தாக்குதல் நடந்தது. பிப்ரவரி 26 அன்று பாலகோட்டில் குண்டு வீசப்பட்டது. இரு அணு ஆயுத நாடுகள் போரின் விளிம்பில் நின்றன. ஏப்ரல் 21 அன்று, ஈஸ்டர் ஞாயிறன்று, இலங்கையின் தேவாலயங்களிலும் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்து இருநூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதிலிருந்து ஐந்தே நாட்களில் இக்கச்சேரி நடந்தது. மும்பை நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்க இன்னும் மூன்று நாட்கள் இருந்தன. அண்டை நாட்டின் மீதான வெறுப்பே வாக்காக மாற்றப்பட்டுக்கொண்டிருந்த அந்நாட்களில், அண்டை நாட்டவர் ஒரே மேடையில் அமர்ந்து ஒரே சுருதியில் வாசித்தனர்.

இக்குழுவைத் தொடங்கியவர் மலப்புறத்தில் பிறந்தவரும், 2009 முதல் 2011 வரை இந்திய வெளியுறவுச் செயலாளராகப் பணியாற்றியவருமான நிருபமா ராவ். அவரும் அவரது கணவர் சுதாகர் ராவும் பெங்களூருவை மையமாகக் கொண்டு தெற்காசிய சிம்பொனி அறக்கட்டளையை நிறுவினர். ஓர் ஓய்வுபெற்ற தூதர், ஓய்வுபெற்ற ஆட்சிப்பணி அதிகாரி, மும்பையின் மேட்டுக்குடி அரங்கம், மேலை நாட்டு இசை. இதில் உழைக்கும் மக்களின் கட்சிக்கு என்ன வேலை என்று தோழர்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கு விடை தேடுவதே இவ்வுரையின் நோக்கம்.

கூட்டுழைப்பின் ஒரு வடிவம்

முதலில் இசைக்குழு எவ்வாறு இயங்குகிறது என்று பார்ப்போம். ஒத்திகை தொடங்குமுன் ஓபோ என்னும் குழல் வாசிப்பவர் ஒரு சுரத்தை எழுப்புகிறார். மற்ற அனைவரும் தத்தம் கருவியை அந்தச் சுரத்தோடு சேர்க்கின்றனர். வயலின் வரிசையில் இருவருக்கு ஒரு தாங்கி. அதில் ஒரே இசைத்தாள். இருவரில் உட்புறம் அமர்ந்திருப்பவர் பக்கத்தைத் திருப்புவார். அந்நேரத்தில் மற்றவர் வாசிப்பை நிறுத்தாமல் காப்பார். இருவரின் வில்லும் ஒன்றாக மேலேறி ஒன்றாகக் கீழிறங்க வேண்டும். தாள வாத்தியக்காரர் பல நிமிடங்கள் சும்மா அமர்ந்திருப்பது போல் தோன்றும். உண்மையில் அவர் ஒவ்வோர் ஆவர்த்தனத்தையும் எண்ணிக்கொண்டிருப்பார். தன் முறை வருமளவும் பிறர் வாசிப்பதைக் கேட்டிருப்பதும் அங்கே உழைப்பே.

இதை நமக்கு முன்பே கண்டுணர்ந்தவர் கார்ல் மார்க்ஸ். 'மூலதனம்' முதல் தொகுதியில் கூட்டுழைப்பைப் பற்றிய அத்தியாயத்தில் அவர் இசைக்குழுவை எடுத்துக்காட்டாக நிறுத்துகிறார். தனி வயலின் கலைஞர் தம்மைத் தாமே நடத்திக்கொள்கிறார். பலர் கூடி வாசிக்கும்போது ஒருங்கிணைக்க ஒருவர் தேவைப்படுகிறார் என்பது அவர் கருத்து. மூன்றாம் தொகுதியில் அதே எடுத்துக்காட்டுக்குத் திரும்புகிறார். இசையை நடத்துபவர் அக்குழுவின் கருவிகளுக்கு உடைமையாளராக இருக்க வேண்டிய தேவை இல்லை என்கிறார். ஒருங்கிணைப்பு வேறு, உடைமை வேறு. ஒருங்கிணைப்பவன் என்ற பெயரில் உடைமையாளன் அதிகாரம் செலுத்துவதைத்தான் முதலாளித்துவம் இயல்பு என்று காட்டுகிறது.

சோவியத் நாட்டில் இச்சிந்தனையை ஒருபடி மேலே கொண்டுசென்று பார்த்தவர்களும் உண்டு. 1922 இல் மாஸ்கோவில் லெவ் சைட்லின் என்ற வயலின் கலைஞரின் முன்முயற்சியில் 'பெர்சிம்ஃபான்ஸ்' என்ற இசைக்குழு பிறந்தது. அதில் நடத்துநரே இல்லை. கலைஞர்கள் ஒருவரை ஒருவர் பார்க்கும்படி வட்டமாக அமர்ந்து, கலந்து பேசி முடிவெடுத்து வாசித்தனர். பத்தாண்டுகள் அது நீடித்தது. நடத்துநர் வேண்டுமா வேண்டாமா என்பதை இசையறிந்தோர் முடிவு செய்யட்டும். நமக்குரிய பாடம் வேறு: சமமானவர்களாக அமர்ந்து வேலை செய்ய முடியும், அதற்கு நீண்ட ஒத்திகை தேவை.

இந்த எடுத்துக்காட்டைத் தெற்காசியாவுக்குப் பொருத்திப் பாருங்கள். இப்பகுதியில் இந்தியா மிகப் பெரிய நாடு. பெரிய நாடு என்பதால் கோலைக் கையில் எடுக்கிறது. கோலை எடுத்ததும் கருவிகளும் தனக்கே உரியவை என்று எண்ணத் தொடங்குகிறது. 2015 இல் நேபாளம் தன் புதிய அரசியலமைப்பை ஏற்றபின் எல்லையில் சரக்குகள் முடங்கி, எரிபொருளுக்கும் மருந்துக்கும் அந்நாட்டு மக்கள் பட்ட பாட்டை நாம் அறிவோம். அண்டை நாடுகளில் இந்தியாவைப் பற்றிய அச்சம் தானாக முளைத்ததன்று. ஒரே மேடையில் சமமாக அமர்வது என்ற எளிய காட்சிக்கு இப்பகுதியில் அரசியல் பொருள் இருப்பது இதனால்தான்.

வைமரிலிருந்து ரமல்லா வரை

தெற்காசியக் குழுவுக்கு ஒரு முன்மாதிரி உண்டு. 1999 இல் ஜெர்மனியின் வைமர் நகரில், பாலஸ்தீனத்தில் பிறந்த அறிஞர் எட்வர்ட் சயீதும், அர்ஜென்டினாவில் பிறந்து இஸ்ரேலில் வளர்ந்த பியானோ கலைஞர் டேனியல் பாரன்பாயிமும் இணைந்து 'மேற்கு-கிழக்கு திவான்' இசைக்குழுவைத் தொடங்கினர். பாரசீகக் கவி ஹாபிஸின் தாக்கத்தால் கெதே எழுதிய கவிதைத் தொகுப்பின் பெயர் அது. வைமருக்கு அருகில்தான் நாஜிகளின் புக்கன்வால்ட் வதைமுகாம் இருந்தது. அந்த மண்ணில் இஸ்ரேலிய இளைஞரும், பாலஸ்தீன, சிரிய, லெபனான், எகிப்திய இளைஞரும் ஒரே தாங்கியின் முன் அமர்ந்தனர். பின்னர் ஸ்பெயினின் செவில் நகரம் அக்குழுவின் இருப்பிடமாயிற்று.

2003 இல் சயீது மறைந்தார். 2005 ஆகஸ்ட் 21 அன்று அக்குழு ஆக்கிரமிக்கப்பட்ட பாலஸ்தீனத்தின் ரமல்லா நகரில் வாசித்தது. அங்கு செல்லக் கலைஞர்களுக்கு ஸ்பெயின் அரசு தூதரகக் கடவுச்சீட்டு வழங்க வேண்டியிருந்தது. தோழர்களே, அந்தச் செய்தியில் முழு அரசியலும் அடங்கியிருக்கிறது. தங்கள் சொந்தப் பகுதியில், சில மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஊருக்குச் செல்ல, அவர்களுக்கு ஐரோப்பிய நாடொன்றின் ஆவணம் வேண்டும். பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியை வாசிப்பது அவர்களுக்குக் கடினமாக இல்லை. சோதனைச் சாவடியைக் கடப்பதே கடினமாக இருந்தது.

இக்குழுவின் மீது பாலஸ்தீனர் தரப்பிலிருந்தே கடும் விமர்சனமும் எழுந்தது. ஆக்கிரமிப்பாளனும் ஆக்கிரமிக்கப்பட்டவனும் மேடையில் கைகோத்துக் காட்சி தந்தால், உலகம் இருவரையும் சமமான இரு தரப்பு என்று எண்ணிவிடும். ஆக்கிரமிப்பு இயல்பான ஒன்றாகத் தோன்றிவிடும் என்று பண்பாட்டுப் புறக்கணிப்பு இயக்கத்தினர் கூறினர். இதை நாம் எளிதில் ஒதுக்கிவிடக் கூடாது. பாரன்பாயிம் ஆக்கிரமிப்பை வெளிப்படையாக எதிர்த்தவர். 2008 இல் பாலஸ்தீனக் குடியுரிமையை ஏற்றவர். எனினும் 2023 அக்டோபருக்குப் பின் காசாவில் நடந்த இனப்படுகொலையை இசையால் தடுக்க முடியவில்லை. பல்லாயிரம் குழந்தைகள் கொல்லப்பட்டனர். அதே காசாவில், இடிபாடுகளுக்கு நடுவே கூடாரங்களில், எஞ்சிய குழந்தைகளுக்குப் பாலஸ்தீன இசை ஆசிரியர்கள் வயலினும் கித்தாரும் கற்பித்துக்கொண்டிருந்தனர் என்பதையும் சேர்த்தே நாம் நினைக்க வேண்டும்.

இதிலிருந்து நாம் பெறும் முடிவு என்ன? இசை அமைதியைக் கொண்டுவராது. நீதியின்றி அமைதி இல்லை. நீதியை மக்கள் போராட்டமே கொண்டுவரும். ஆனால் சமமாக வாழ முடியாது என்று ஆளும் வர்க்கம் சொல்லும் பொய்யை, சமமாக அமர்ந்து வாசிக்கும் ஒரு குழு கண்முன்னே மறுக்கிறது. இசையின் எல்லை இது. இசையின் பயனும் இதுவே.

நம் இசைக்கு ஏது கடவுச்சீட்டு?

தெற்காசியாவின் இசை, நாடுகள் பிரிவதற்கு வெகுகாலம் முன்பே ஒன்றோடொன்று கலந்தது. சரோத் என்ற கருவி ஆப்கானிய ரபாபிலிருந்து உருவானது என்பது இசை வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலோரின் முடிவு. தாகூர் எழுதிய பாடல்கள் இந்தியாவுக்கும் வங்கதேசத்துக்கும் தேசிய கீதங்களாயின. இலங்கையின் தேசிய கீதத்தை இயற்றிய ஆனந்த சமரக்கோன் சாந்திநிகேதனில் பயின்றவர். கசூரில் பிறந்த படே குலாம் அலி கான் பிரிவினைக்குப் பின் பாகிஸ்தானில் வாழ முயன்று, அங்கு இருக்க மனமின்றி இந்தியாவுக்குத் திரும்பி, 1968 இல் ஹைதராபாத்தில் மறைந்தார்.

தமிழராகிய நமக்கு இன்னும் நெருக்கமான சான்றுகள் உண்டு. யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் தவில் இல்லாமல் தமிழ்நாட்டின் நாகசுர வரலாற்றை எழுத இயலாது. 1952 இல் ஒன்றிய அமைச்சர் பி.வி.கேஸ்கர் வானொலியில் திரைப்பாடல்களுக்கு வழியடைத்தபோது, இந்திய நேயர்கள் இலங்கை வானொலிப் பக்கம் திரும்பினர். நேயர்களை மீட்க 1957 இல் விவித பாரதி தொடங்கப்பட வேண்டியதாயிற்று. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் பல ஆண்டுகள் காலைப்பொழுது விடிந்ததே கொழும்பின் தமிழ் ஒலிபரப்போடுதான். கடல் நடுவே கிடந்தும், காற்றலைக்கு யாரும் விசா கேட்கவில்லை.

இப்போது காற்றலைக்கும் விசா கேட்கத் தொடங்கிவிட்டனர். 2016 இல் உரி தாக்குதலுக்குப் பின் பாகிஸ்தான் கலைஞர்களுக்கு மும்பைத் திரைத்துறையில் தடை விதிக்கப்பட்டது. அதே ஆண்டில் இஸ்லாமாபாதில் நடக்கவேண்டிய சார்க் மாநாடு கைவிடப்பட்டது. 1985 இல் டாக்காவில் பிறந்த சார்க் அமைப்பின் உச்சி மாநாடு 2014 இல் காத்மாண்டுவில் கூடியதோடு நின்றுபோயிற்று. 2025 ஏப்ரலில் பஹல்காம் படுகொலைக்குப் பின், சார்க் விசா விலக்குத் திட்டம் பாகிஸ்தானியருக்கு ரத்து செய்யப்பட்டது. மே மாதத்தில், இணையத் தளங்களிலிருந்து பாகிஸ்தானின் படங்களையும் தொடர்களையும் பாடல்களையும் கூட அகற்றுமாறு ஒன்றிய அரசு அறிவுறுத்தியது. பயங்கரவாதத்தை ஒடுக்குவது அரசின் கடமை. அதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஒரு கஜல் பாடல் எந்தப் பயங்கரவாதிக்கு உதவுகிறது என்பதை மட்டும் அரசு விளக்கவில்லை.

2025 அக்டோபரில் அசாமில் நடந்தது இதைவிடக் கேலிக்குரியது. காங்கிரஸ் கூட்டமொன்றில் ஒருவர் 'ஆமார் சோனார் பாங்லா' பாடினார். உடனே வழக்குப் பதியுமாறு முதலமைச்சர் ஹிமந்த பிஸ்வ சர்மா காவல்துறைக்கு உத்தரவிட்டார். 1905 இல் வங்காளத்தைக் கர்சன் துண்டாடியபோது, அதை எதிர்த்து, இந்திய விடுதலை இயக்கத்தின் பகுதியாகத் தாகூர் எழுதிய பாடல் அது. பின்னாளில் அண்டை நாடு அதைத் தன் கீதமாக ஏற்றது என்பதாலேயே, எழுதியவரின் சொந்த நாட்டில் அது குற்றமாயிற்று!

பேரினவாதம் ஒரு நாட்டுக்கு மட்டும் உரியதன்று. இலங்கையில் தேசிய கீதத்தின் தமிழ் வடிவம் நீண்ட காலம் அரசு விழாவில் ஒலிக்கவில்லை. 2016 சுதந்திர தினத்தில்தான் அது மீண்டும் பாடப்பட்டது. 2020 இல் ஆட்சி மாறியதும் அரசு விழாவில் தமிழ் மீண்டும் மௌனமாக்கப்பட்டது. பாடலின் பொருள் ஒன்றே, மெட்டும் ஒன்றே. மொழியைத்தான் அவர்களால் பொறுக்க முடியவில்லை.

காபூலின் மாணவர்கள்

மும்பை மேடையில் ஆப்கானியக் கலைஞர்கள் இருந்தனர் என்று சொன்னேன். அந்நிகழ்ச்சிக்காகத் தெற்காசிய நாடுகளின் மெட்டுகளைக் கோத்து 'ஹம்சஃபர்' என்ற படைப்பை உருவாக்கிய லாரன் பிரைத்வைட், காபூலில் ஆப்கானிஸ்தான் தேசிய இசைக் கல்விநிலையத்தில் பணியாற்றியவர். 2010 இல் அகமது சர்மஸ்த் என்ற இசை அறிஞர் நிறுவிய பள்ளி அது. அநாதைக் குழந்தைகளும், தெருவில் பொருள் விற்ற குழந்தைகளும், ஆணும் பெண்ணும் அங்கே சேர்ந்து பயின்றனர். 2014 டிசம்பரில் மாணவர் நிகழ்ச்சி ஒன்றில் தற்கொலைப்படைத் தாக்குதல் நடந்தது. சர்மஸ்த் படுகாயமுற்றுச் செவித்திறனை இழந்து, சிகிச்சைக்குப் பின் மீண்டார். மீண்டவர் பள்ளிக்கே திரும்பினார். அங்கு உருவான 'சோரா' என்ற, முழுவதும் பெண்களால் ஆன இசைக்குழு 2017 இல் ஐரோப்பிய மேடைகளில் வாசித்தது.

2021 ஆகஸ்ட் 15 அன்று தாலிபான்கள் காபூலைக் கைப்பற்றினர். இருபது ஆண்டுகள் அந்நாட்டை ஆக்கிரமித்திருந்த அமெரிக்கா, மக்களைக் கைவிட்டு வெளியேறியது. இசை மௌனமாயிற்று, கருவிகள் நொறுக்கப்பட்டன. அந்தப் பள்ளியின் மாணவர், ஆசிரியர், குடும்பத்தினர் என 273 பேர் தோஹா வழியாக வெளியேறி, டிசம்பரில் லிஸ்பன் சேர்ந்தனர். போர்ச்சுகல் அடைக்கலம் தந்தது. அங்கே அப்பள்ளி மறுபடி இயங்குகிறது.

அண்டை நாடான இந்தியா என்ன செய்தது? 2021 ஆகஸ்ட் 25 அன்று, இந்தியாவுக்கு வெளியே இருந்த ஆப்கானியருக்கு முன்பு வழங்கிய விசாக்கள் அனைத்தும் செல்லாது என்று ஒன்றிய அரசு அறிவித்தது. மின்-விசாவுக்குப் புதிதாக விண்ணப்பிக்கச் சொன்னது. இங்கே படித்துக்கொண்டிருந்து, விடுமுறைக்கு ஊர் சென்றிருந்த மாணவர்களும் அதில் சிக்கினர். ரபாபும் சரோதும் ஒரு தாய் மக்கள் என்று மேடையில் பேசுகிறோம். ரபாபைத் தூக்கிக்கொண்டு உயிர் தப்பி வருபவருக்கு அட்லாண்டிக் கரையில்தான் கதவு திறக்கிறது. ஓர் இசைக்குழுவின் எதிர்காலம் ஒத்திகை அறையில் முடிவாவதில்லை. அரசியலில்தான் முடிவாகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இரண்டு தயக்கங்கள்

இங்கு தோழர்களிடையே இரண்டு தயக்கங்கள் எழலாம்.

முதலாவது, இது மேலை இசை. நம் மண்ணுக்கு உரியதன்று என்பது. வயலினின் வரலாறே இதற்கு மறுமொழி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் அதைச் சென்னையில் ஐரோப்பிய இசைஞரிடம் கற்றார். தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலு அதைத் தன்வயமாக்கினார். தஞ்சையை விட்டு நீங்கிய அந்த இசைவேளாளக் கலைஞர்களை ஏற்றது நம் திருவனந்தபுரம். 1834 இல் சுவாதித் திருநாள் வடிவேலுவுக்குத் தந்தத்தால் இழைத்த வயலினைப் பரிசளித்தார். அன்று இந்நகரத்துக்குத் தஞ்சாவூர் அண்டை நாடு. இத்தாலியில் உருப்பெற்ற கருவியைத் தமிழர் ஒருவர் மலையாள மன்னரின் அவையில் வாசித்தார். இன்று வயலின் இல்லாத கச்சேரி இல்லை. கருவி செய்தவன் நாட்டுக்கு மட்டும் உரியதாக இருந்தால் நமக்கு ஹார்மோனியமும் இல்லை.

இரண்டாவது தயக்கம் வலுவானது. இத்தகைய இசைக்குழுக்கள் படித்த, வசதி படைத்த மேல்தட்டினருக்குள்ளேயே சுழல்கின்றன என்பது. ஒரு செல்லோவின் விலையில் இங்கு ஒரு குடும்பம் மாதக்கணக்கில் வாழும். அரங்க இருக்கைகளில் சுமைத் தொழிலாளி அமர்வதில்லை. இது உண்மை. ஆனால் இதற்குப் பரிகாரம் இசைக்குழுவை ஒதுக்குவதன்று; இசையைப் பொதுவுடைமை ஆக்குவது. வெனிசுலாவில் 1975 இல் தொடங்கிய 'எல் சிஸ்டெமா' இயக்கம், ஏழைக் குழந்தைகளுக்குக் கருவியும் பயிற்சியும் கட்டணமின்றி வழங்கியது. சாவேஸ் அரசு அதைப் பெருமளவில் விரிவாக்கியது. குறைகள் அதிலும் உண்டு. ஆயினும், செல்லோ பணக்காரர் வீட்டுப் பொருள் என்ற நிலையை ஓர் அரசின் கொள்கை மாற்ற முடியும் என்று அது காட்டியது.

நமக்கே சொந்தமான மரபும் உண்டு. 1943 இல் பம்பாயில் பிறந்த இப்டா இயக்கம், மக்கள் பாடல்களையும் சேர்ந்திசையையும் நாடெங்கும் கொண்டுசென்றது. அதில் வளர்ந்த சலில் சௌத்ரி என்ற வங்காளி, தகழியின் 'செம்மீன்' நாவல் 1965 இல் திரைப்படமானபோது இசையமைத்தார். மலையாளிகள் அதைத் தம் கடற்கரையின் குரல் என்றே ஏற்றனர். நம் எம்.பி.சீனிவாசனை நினைத்துப் பாருங்கள். மாணவர் இயக்கத்திலும் கம்யூனிஸ்ட் இயக்கத்திலும் உருவானவர். நிமாய் கோஷ் என்ற வங்காளித் தோழர் இயக்கிய 'பாதை தெரியுது பார்' படத்துக்கு இசையமைத்தவர். அந்த நிமாய் கோஷோடு சேர்ந்து தென்னிந்தியத் திரைத் தொழிலாளர்களைச் சங்கமாகத் திரட்டியவர். ஓ.என்.வி.யின் மலையாளப் பாடல்களுக்கு மெட்டமைத்தவர். சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவைத் தொடங்கியவர். சுருதி சேர்ப்பதையும் சங்கம் சேர்ப்பதையும் அவர் இரண்டு வேலைகளாகக் கருதவில்லை.

உள்ளே இருக்கும் மதில்கள்

நாட்டெல்லையைப் பற்றிப் பேசும் நாம், உள்ளே நிற்கும் மதில்களை மறைக்கக் கூடாது. இந்நகரத்து நவராத்திரி மண்டபத்தில் பெண்ணொருவர் பாட 2006 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அவ்வாண்டில் பாறசாலை பொன்னம்மாள் அங்கு முதன்முதலாகப் பாடினார். அப்போது அவருக்கு எண்பது வயது கடந்திருந்தது. கதகளிப் பாடகர் கலாமண்டலம் ஹைதரலி, தம் வாழ்நாள் முழுவதும் இந்துப் புராணக் கதைகளைப் பாடியவர்; பிறப்பால் முஸ்லிம் என்பதால் கோயில் வளாகங்களுக்குள் பாட அவருக்கு இடம் மறுக்கப்பட்டது. பறையை இழிந்த கருவி என்று ஒதுக்கியதும் நம் சமூகமே. காபூலில் கருவியை உடைத்தவனைக் கண்டிக்கும் தகுதி, இம்மதில்களையும் இடிப்பவருக்கே முழுமையாக உண்டு.

வலியசாலையில் நாம் செய்ய வேண்டியது

இராஜராஜனின் மெய்க்கீர்த்தி குறிப்பிடும் காந்தளூர்ச் சாலை இந்த வலியசாலையே என்று ஆய்வாளர் பலர் கருதுவர். போர் வெற்றியாகச் சோழர் கல்வெட்டில் ஏறிய ஊரில், பிற்காலத்தில் தமிழும் மலையாளமும் ஒரே தெருவில் குடியிருந்தன. 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி தமிழ்நாட்டோடு இணைந்தது; எல்லைக் கோடு பாறசாலைக்கு அப்பால் நகர்ந்தது. அதற்கு முன், 1954 ஆகஸ்ட் 11 அன்று, தமிழர் மீது துப்பாக்கிச் சூடு நடந்த கசப்பும் நம் நினைவில் உண்டு. அக்கசப்பைத் தாண்டி, தமிழ்த் தொழிலாளியும் மலையாளத் தொழிலாளியும் ஒரே சங்கத்தில் சேர்ந்து சுமை தூக்கினர். சேர்ந்தே கூலி உயர்வுக்குப் போராடினர். அண்டையரோடு சமமாக வாழ்வது எப்படி என்பதை நமக்கு எந்த அறக்கட்டளையும் கற்பிக்க வேண்டியதில்லை.

இன்று சாலைக் கடைவீதியில் வங்காளியும், ஒடியாவும், அசாமியும், நேபாளியும் கேட்கின்றன. கட்டடச் சாரத்தின் மீதும் உணவகச் சமையலறையிலும் உழைப்போர் அவர்கள். கேரளம் அவர்களை அதிதித் தொழிலாளர் என்கிறது. விருந்தினர் என்று பொருள். ஒரு காலத்தில் இந்நகருக்கு வந்த தமிழர் எதிர்கொண்ட பார்வையை இன்று அவர்கள் எதிர்கொள்கின்றனர். வங்காளி பேசும் முஸ்லிம் தொழிலாளியை ஊடுருவல்காரன் என்று முத்திரை குத்தும் அரசியல் நாடெங்கும் பரவுகிறது. தெற்காசியாவின் அண்டை நாட்டவரை மும்பை அரங்கில் மட்டும் தேட வேண்டியதில்லை. அவர்கள் நம் தெருவிலேயே வாடகைக்குக் குடியிருக்கின்றனர்.

எனவே மூன்று பணிகளை முன்வைக்கிறேன். முதலாவது, கலைஞர்க்கும் மாணவர்க்கும் தெற்காசிய நாடுகளுக்கிடையே எளிய விசா, உயிருக்கு அஞ்சி வரும் கலைஞருக்கு அடைக்கலம் ஆகியவற்றை நம் கோரிக்கைப் பட்டியலில் இடம்பெறச் செய்ய வேண்டும். இரண்டாவது, அரசுப் பள்ளிகள் எல்லாவற்றிலும் இசை ஆசிரியர் பணியிடங்களும் கருவிகளும் வேண்டும் என்று போராட வேண்டும். மூன்றாவது, நம் கையிலேயே உள்ளது. வாரத்தில் ஒரு மாலை நம் நூலகக் கூடத்தைத் திறந்து வைப்போம். பறையும் செண்டையும் இருக்கட்டும். வங்கத் தொழிலாளி தோதாராவைக் கொண்டுவரட்டும். நேபாள இளைஞன் மாதலைக் கொண்டுவரட்டும். அவர்கள் பாடலை நாமும், நம் பாடலை அவர்களும் கற்போம். யார் கோல் பிடிப்பது என்பதை முறைவைத்து முடிவு செய்வோம். அடுத்த மே தின ஊர்வலத்தில் நம் பகுதியின் சார்பில் அந்தக் குழு முன்னே நடக்கட்டும்.

தெற்காசிய சிம்பொனி இசைக்குழு ஒரு நல்ல முயற்சி. அதை நாம் வரவேற்போம். அது தொடர்ந்து வாசிக்க வேண்டுமானால் எல்லைகள் இளக வேண்டும். எல்லைகள் இளக வேண்டுமானால், வெறுப்பை விதைத்து வாக்கை அறுவடை செய்யும் அரசியல் தோற்க வேண்டும். அந்த வேலையை இசைக்கலைஞர்கள் தலையில் சுமத்த முடியாது. அது நம்முடைய வேலை.

அடுத்த சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு நூலகக் கூடம் திறந்திருக்கும். ஒவ்வொரு தோழரும், வேறு மொழி பேசும் ஒரு தொழிலாளியையாவது உடன் அழைத்து வாருங்கள்.